ஹவுஸ், கிளப், விடியாத இரவுகள்: ஒரு டிஜேயிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட் முடிந்து ஹெட்போன் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் கேள்விகள் வரும். காதில் சத்தம் இன்னும் அடங்கியிருக்காது. கேட்பவருக்கும் தூக்கம், எனக்கும் தூக்கம். அப்போது அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

ஹவுஸ் இசை என்றால் என்ன? எல்லா கிளப் பாட்டும் ஒரே மாதிரிதானே கேட்கிறது?

முதல் தடவை கேட்கும்போது அப்படித்தான் இருக்கும். அடியை மட்டும் கவனியுங்கள். நாலு எண்ணிக்கையிலும் கிக் டிரம் ஒரே பலத்தில் விழும். இரண்டாவதிலும் நாலாவதிலும் கைதட்டல் ஒலி சேரும். ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் நட்டநடுவே ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு 'ட்ஸ்' என்று திறந்து மூடும். தும்-ட்ஸ்-தும்-ட்ஸ். கிக் காலைத் தரைக்கு இழுக்கும், ஹை-ஹாட் குதிகாலைத் தூக்கிவிடும். இவ்வளவுதான் அஸ்திவாரம். இந்த ஹை-ஹாட் நடையை 1970-களின் தொடக்கத்தில் பிலடெல்ஃபியாவின் டிரம்மர் ஏர்ல் யங் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். டிஸ்கோவுக்கு முதுகெலும்பாக இருந்தது அதுதான், அப்புறம் ஹவுஸுக்கும் வந்து சேர்ந்தது.

வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 118 முதல் 128 அடி வரை. இதைத்தான் பிபிஎம் என்கிறோம். 120 பிபிஎம் என்றால் அரை விநாடிக்கு ஒரு அடி, அதாவது விறுவிறுவென்று நடக்கிற ஒருவரின் காலடி வேகம். அதனால்தான் ஆடவே தெரியாதவர்கூட இதற்குக் காலை அசைத்துவிட முடிகிறது.

இந்த அஸ்திவாரத்தின் மேல் பேஸ் என்ற கனத்த கீழ் ஒலி, பியானோ, தேவாலயப் பாட்டின் சாயலில் ஒரு குரல் எல்லாம் வந்து உட்காரும். திரும்பத் திரும்ப ஒன்றே வருவது சலிக்காதா என்பார்கள். அடி மாறாமல் இருப்பதால்தான் சின்ன மாற்றம்கூடப் பெரிதாகக் கேட்கிறது. எட்டு பார் (நாலு அடி ஒரு பார்) நேரம் ஹை-ஹாட்டை எடுத்துவிட்டு மறுபடி கொண்டுவந்து பாருங்கள், முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கையைத் தூக்குவார்கள். ஒரு கதவு திறந்த மாதிரி இருக்கும்.

'ஹவுஸ்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

வேர்ஹவுஸ் என்ற கிளப்பிலிருந்து. சிகாகோவில் சவுத் ஜெஃபர்சன் தெரு, 206-ஆம் எண் கட்டடம். ராபர்ட் வில்லியம்ஸ் நடத்திய இடம் அது. 1977-ல் நியூயார்க்கிலிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற இருபத்திரண்டு வயது இளைஞரை டிஜேயாக அழைத்துவந்தார். அங்கே வந்து ஆடியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், லத்தீன் வம்சாவளியினர், தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்கள். வெளியே பல இடங்களில் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். நக்கிள்ஸ் போடுகிற மாதிரிப் பாட்டு வேண்டும் என்று ரெக்கார்டு கடைகளில் கேட்கத் தொடங்கினார்கள். 'வேர்ஹவுஸில் போடுவது' என்பது நாளடைவில் 'ஹவுஸ்' என்று சுருங்கியது. வேறு விளக்கங்களும் உண்டு, ஆனால் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது இதுதான்.

இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நாள் உண்டு: 1979 ஜூலை 12. அதே சிகாகோவில் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ரசிகர்கள் கொண்டுவந்த டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு வானொலி அறிவிப்பாளர் நடத்திய கேளிக்கை அது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்றைக்கு அந்த மைதானத்தில் இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன், வந்து குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளும் இருந்ததைப் பார்த்ததாகப் பின்னாளில் சொன்னார்.

அந்தப் பையன் சம்பளத்தைச் சேர்த்து ஒரு சிந்தசைசர் வாங்கினார். 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' என்ற பாட்டை உருவாக்கினார். ரெக்கார்டாக வெளிவந்த முதல் ஹவுஸ் பாட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். வெடி வைத்த இடத்தில் நின்றிருந்தவரே அதே ஊரில் புது விளக்கை ஏற்றினார் என்று இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 1987 ஜனவரியில் ஸ்டீவ் 'சில்க்' ஹர்லியின் 'ஜாக் யுவர் பாடி' பிரிட்டன் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இடையில் ஓடியது மூன்றே வருடம்.

உங்களுக்கு இந்தப் பைத்தியம் எப்போது பிடித்தது?

பன்னிரண்டு வயதில், ஒரு கேசட்டில். அண்ணனின் நண்பர் ஒருவர் யாரிடமோ இருந்து பதிவு செய்து கொடுத்தது, பெயர் எதுவும் எழுதாத கேசட். போட்டுவிட்டு ஏதோ செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் பாட்டு எப்போது முடிந்தது? இரண்டாவது எப்போது தொடங்கியது? நடுவில் நிற்கவே இல்லையே!

எங்கள் டேப்ரெக்கார்டரில் மூன்று இலக்க எண்காட்டி ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். 180-ல் முதல் பாட்டுதான். 240-ல் நிச்சயம் இரண்டாவது பாட்டு. நடுவில் ஒவ்வொரு பத்து எண்ணுக்கும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டேன். 207-ல் இரண்டாவது பாட்டின் ஹை-ஹாட் மட்டும் முதல் பாட்டின் அடியில் மெல்ல ஒட்டிக்கொண்டு ஓடுவதைக் கண்டுபிடித்தபோது ராத்திரி வெகுநேரம் ஆகியிருந்தது. 221-ல் முதல் பாட்டின் பேஸ் காணாமல் போய், இரண்டாவது பாட்டின் பேஸ் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பதினாலு எண்ணுக்குள் ஓடியது எந்தப் பாட்டும் இல்லை, இரண்டும் சேர்ந்த மூன்றாவது ஒன்று. அதை யாரும் எழுதவில்லை, எங்கேயும் விற்கவில்லை. அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை நான் தேடுவது அந்த இடத்தைத்தான்.

டிஜே என்ன செய்கிறார்? அடுத்தவர் பாட்டைத்தானே போடுகிறார்?

ஆமாம், அடுத்தவர் பாட்டைத்தான் போடுகிறேன். அதை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வேன். எதை, எப்போது, எதற்குப் பின்னால், எவ்வளவு நேரம் என்பதில்தான் என் வேலை இருக்கிறது.

கை வேலையைச் சொல்கிறேன். இடது பக்கத்து ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டம் கேட்பது அதை. வலது பக்கத்து ரெக்கார்டை ஹெட்போனில் நான் மட்டும் கேட்கிறேன். ஒரு காதில் ஹெட்போன், இன்னொரு காதில் அறை. அடுத்த பாட்டின் முதல் கிக்கைக் கண்டுபிடித்து, ஊசி அதன் மேல் நிற்கும்படி ரெக்கார்டை விரல் நுனியால் பிடித்துக்கொள்வேன். தட்டு அடியில் சுழன்றுகொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் வழுவழுப்பான துணி வழுக்க, ரெக்கார்டு மட்டும் என் விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். சரியான அடியில் விரலை எடுக்க வேண்டும். கொஞ்சம் முன்னோக்கித் தள்ளிவிட்டால்தான் தட்டின் வேகத்தை உடனே பிடிக்கும்.

இப்போது இரண்டு பாட்டும் ஓடுகின்றன. ஒன்று 120, இன்னொன்று 121 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு முழு அடி விலகிவிடும். அதற்கு வெகு முன்னாலேயே, சில விநாடிகளில், இரண்டு கிக்கும் படியில் உருளும் செருப்பு மாதிரி தடதடக்கத் தொடங்கும். உடனே வேகம் மாற்றும் சறுக்கியை மயிரிழை அளவு இறக்குவேன், ரெக்கார்டின் ஓரத்தை விரலால் தொட்டு ஒரு நொடி தாமதிக்க வைப்பேன். இரண்டு கிக்கும் ஒன்றாகி ஒரே பெரிய கிக்காகக் கேட்கும். அந்த நொடியில் தோள்பட்டை தானாக இறங்கும்.

வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறும். ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டினால் அரை ஸ்வரம் மேலே போய்விடும், பாடுபவரின் குரல் மெலிந்துவிடும். அதனால் அடி சேர்ந்தால் மட்டும் போதாது, சுருதியும் ஒன்றை ஒன்று கடிக்காமல் இருக்க வேண்டும். பேஸ் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் குழம்பிவிடும். அதனால் ஒன்றின் பேஸைக் குறைத்து, அதே கணத்தில் மற்றதைத் திறக்க வேண்டும். எங்கள் கேசட்டில் 221-ல் நடந்தது இதுதான் என்று எனக்குப் புரிய ஐந்து வருடம் ஆனது.

இப்போதுதான் சிங்க் பட்டன் இருக்கிறதே?

இருக்கிறது. பயன்படுத்துபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அடியை இயந்திரம் சேர்த்துவிடும், ஆனால் எந்தப் பாட்டு என்று அது சொல்லாது. ஒன்று மட்டும் சொல்வேன்: காதால் சேர்க்கப் பழகியவருக்கு, கேட்பதில் ஒரு கூர்மை வரும். அது அடுத்த எல்லாவற்றுக்கும் உதவும்.

அந்தக் காலத்து இயந்திரங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

ஏனென்றால் அவை வேறு எதற்கோ செய்யப்பட்டவை. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, தனியாக கிட்டார் பழகுபவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கத் தயாரிக்கப்பட்டது. உண்மையான பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்தது. சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழுவின் பையன்கள் அதை வாங்கிவந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே குமிழ்களைத் திருகினார்கள். நெளிந்து, பிசுபிசுத்து, கூவும் ஒரு ஒலி வந்தது. அதுதான் 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' ஆக வெளிவந்து, ஆசிட் ஹவுஸ் என்ற ஒரு பிரிவையே தொடங்கிவைத்தது.

1983-ல் வந்த டிஆர்-909 டிரம் இயந்திரமும் அப்படித்தான். விற்பனையில் அது பெரிய வெற்றி பெறவில்லை. இன்றைக்கு ஹவுஸ் என்று நீங்கள் கேட்கும் கிக், கைதட்டல், ஹை-ஹாட் எல்லாம் அதன் பிள்ளைகள். நக்கிள்ஸ் தன் 909-ஐ டெட்ராய்ட்டின் டெரிக் மேயிடம் இருந்து வாங்கினார். டெக்னோ என்ற மின்னணு இசை வகையை உருவாக்கியவர்களில் ஒருவரான மே, அதைச் சிகாகோவுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொரு வியப்பு: ஆசிட் டிராக்ஸுக்கு ஐந்து வருடம் முன்பே, 1982-ல், சரண்ஜித் சிங் என்ற இந்தித் திரையிசைக் கலைஞர் இதே 303-ஐயும் டிஆர்-808-ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ அடியில் வாசித்து ஒரு ஆல்பம் வெளியிட்டார். அப்போது யாரும் அதிகம் கவனிக்கவில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்தபோது கேட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள், அவ்வளவு ஆசிட் ஹவுஸ் மாதிரி இருந்தது. ராகத்தின் நெளிவுகளைப் பிடிக்க ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப்போகும் வசதி 303-ல் இருந்தது அவருக்குப் பொருந்திவிட்டது. சிகாகோவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரே கருவி இரண்டு இடங்களில் இரண்டு பேரை ஒரே பக்கம் கூட்டிப்போயிருக்கிறது.

உங்களைச் செதுக்கிய டிஜேக்கள் யார்?

மூன்று பேர்.

டேவிட் மன்குசோ. 1970-ல் நியூயார்க்கில் தன் சொந்த வீட்டில் விருந்து நடத்தத் தொடங்கியவர். அழைப்பு உள்ளவர்கள்தான் வரலாம். அந்த இடத்துக்கு 'தி லாஃப்ட்' என்று பெயர் வந்தது. ஸ்பீக்கர்களுக்கும் ஊசிக்கும் அவர் காட்டிய அக்கறை ஒரு தவம். பிற்காலத்தில் கலப்பதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு பாட்டையும் தொடக்கம் முதல் கடைசி வரை ஓடவிட்டு, அப்புறம்தான் அடுத்தது. பாட்டை உருவாக்கியவர் நினைத்தபடியே அது கேட்கப்பட வேண்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு பாட்டு சேரும் இடத்துக்காகவே வாழும் எனக்கு, அந்த இடமே வேண்டாம் என்று சொன்ன ஒருவர் குரு ஆனது எப்படி என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டை அவசரமாக வெட்டக் கை போகும்போதெல்லாம் அவர் ஞாபகம் வந்து கையைப் பிடிக்கும்.

லாரி லெவன். 1977 முதல் 1987 வரை நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் பாட்டு போட்டவர். ரிச்சர்ட் லாங் அமைத்த ஒலியமைப்பு. ஃபிராங்கி நக்கிள்ஸும் லெவனும் சின்ன வயதிலிருந்தே நண்பர்கள்.

அப்புறம் ரான் ஹார்டி. சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் பாட்டு போட்டவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு கதை இருக்கிறது, காலியான ஃப்ளோர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

பாட்டுப் பட்டியலை முன்கூட்டியே தயார் செய்துகொண்டு போவீர்களா?

முதல் பாட்டை மட்டும் முடிவு செய்துகொண்டு போவேன். சில சமயம் அதையும் வாசலில் மாற்றிவிடுவேன்.

உள்ளே நுழைந்ததும் நேராக, டிஜே நிற்கும் பூத்துக்குப் போக மாட்டேன். அரை மணி நேரமாவது ஃப்ளோரில் நிற்பேன், ஆடுவேன். எந்த மூலையில் பேஸ் அதிகமாகக் கேட்கிறது, எந்த வேகத்தில் கால்கள் இருக்கின்றன, வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? எனக்கு முன்னால் பாட்டு போடுபவர் எங்கே கொண்டுபோய் விடுகிறாரோ, அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அவர் 120-ல் அமைதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது நான் ஏறி 127-ல் அடித்தால் அவர் இரண்டு மணி நேரம் கட்டியதை ஒரு நிமிடத்தில் இடித்துவிடுவேன். புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு இது. முதலில் பாட்டு போடுபவரின் வேலை கூட்டத்தைச் சூடேற்றுவது, கொதிக்கவைப்பது அல்ல. அந்த வேலையை அழகாகச் செய்பவரை நான் நெருங்கிப் போய்க் கட்டிப்பிடித்திருக்கிறேன்.

கூட்டத்திலிருந்து பாட்டு கேட்டால் போடுவீர்களா?

பெரும்பாலும் இல்லை. ஆனால் கேட்ட பாட்டை மனதில் வைத்துக்கொள்வேன். அவருக்கு என்ன வேண்டும் என்று அது சொல்லும். குரல் வேண்டும் என்கிறாரா, தெரிந்த ஒன்று வேண்டும் என்கிறாரா, வேகம் வேண்டும் என்கிறாரா? பாட்டு கையில் இல்லாவிட்டாலும் அந்த ஆசைக்கு அடுத்த அரை மணிக்குள் ஒரு வழி செய்துவிடலாம்.

ஃப்ளோர் காலியாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

ரான் ஹார்டி கதை இங்கேதான். ஆசிட் டிராக்ஸ் ரெக்கார்டாக வருவதற்கு முன்னால், அதன் நாடாப் பதிவை ஃப்யூச்சர் குழுவினர் ஹார்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மியூசிக் பாக்ஸில் அன்றிரவு அதைப் போட்டார். அப்படி ஒரு ஒலியை யாரும் கேட்டதில்லை. ஆடியவர்கள் ஃப்ளோரை விட்டு விலகிவிட்டார்கள். குழுவில் ஒருவரான டிஜே பியர் இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். ஹார்டி விட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டார். அப்புறம் மூன்றாம் தடவை. நாலாம் தடவை போட்டபோது கூட்டம் வெறிகொண்டு ஆடியது.

என் அனுபவம் சின்னது. ஒரு வாரநாள், வெளியே அடைமழை. உள்ளே வேலை செய்பவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர். பழகியவர்கள் தெரிந்த பாட்டாகப் போட்டுத் தள்ளச் சொன்னார்கள். நான் வீட்டில் எனக்காக மட்டும் கேட்கிற ரெக்கார்டுகளை எடுத்தேன். வேகம் 117. ஒன்றரை மணிக்கு ஒரு பெண் கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் போய்க் கண்ணை மூடி ஆட ஆரம்பித்தார். ஒருவர்தான். அவர் தோள் எதற்கு அசைகிறது, எதற்கு நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அடுத்த பாட்டை எடுத்தேன். பேஸ் கனத்தால் நின்றுவிடுவார், பியானோ வந்தால் திரும்புவார். மூன்று மணிக்கு அவரைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். பானம் ஊற்றிக் கொடுப்பவர்கூட மேஜைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார். பெரிய விழாக்களில் ஆயிரம் பேருக்குப் பாட்டு போட்டிருக்கிறேன். ஒரு கூட்டத்தின் உடம்பை அவ்வளவு பக்கத்தில் படித்தது அன்றைக்குத்தான்.

கிளப் என்றாலே குடியும் போதையும்தானே?

நேராகவே பதில் சொல்கிறேன். இருக்கிறது. எல்லோரும் அதற்காக வருவதில்லை. இந்த இசை வளர்ந்த இடங்களைப் பாருங்கள்: லாஃப்டில் மது விற்கப்படவில்லை, பாரடைஸ் கராஜிலும் மது கிடையாது. ஆடத்தான் வந்தார்கள், காலைவரை ஆடினார்கள். அங்கே போதைப்பொருள் இல்லவே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். லாரி லெவனின் உடம்பை அது கரைத்துவிட்டது. 1992-ல் இதயம் செயலிழந்து இறந்தபோது அவருக்கு 38 வயதுதான். அதைப் படித்த நாளிலிருந்து நான் பூத்தில் தண்ணீர் மட்டும்தான் குடிக்கிறேன். உடம்பில் ஓடும் அந்தக் கிறுகிறுப்புக்கு 120 பிபிஎம் போதும், எனக்கு நிஜமாகவே போதும்.

எனக்கு ஆடத் தெரியாது. தனியாக வரலாமா?

வாருங்கள். தனியாக வருபவர்கள்தான் பாட்டை நன்றாகக் கேட்கிறார்கள். சீக்கிரமே வந்துவிடுங்கள், ஃப்ளோர் நிரம்பும் முன்னால். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே நிற்காமல், ஃப்ளோரின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் நில்லுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள், கிக்குக்கு ஒன்றாக. கைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவை பிறகு தானாக வரும். யாரும் உங்களைப் பார்க்கவில்லை. யாராவது தொந்தரவு செய்தால் தயங்காமல் அங்கே வேலை செய்பவரிடம் சொல்லுங்கள், அல்லது பூத்துக்கு வாருங்கள். நான் பாட்டை ஓடவிட்டுவிட்டு இறங்கி வந்திருக்கிறேன்.

காது கெட்டுப்போகாதா?

கெட்டுப்போகும். எனக்குக் கொஞ்சம் கெட்டிருக்கிறது. ஒரு கிளப்பில் பூத்துக்குள் இருந்த ஸ்பீக்கரை என் இடது காதுக்கு நேராக வைத்திருந்தார்கள். இளம் வயது, ஐந்து மணி நேரம் அதோடு பாட்டு போட்டேன். மூன்று நாள் கழித்தும் விசில் சத்தம் நிற்கவில்லை. இன்றும் ஊர் அடங்கிய நேரத்தில் இடது காதில் ஒரு மெல்லிய ஸ்வரம் ஓடுகிறது.

தொழில்சார் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது: 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி. 100-க்கு வந்தால் 15 நிமிடம்தான். பல கிளப்களில் ஃப்ளோர் 100-ஐச் சாதாரணமாகத் தொடும். ஆகவே காதடைப்பான் அவசியம். பஞ்சு மாதிரியானவை மேல் ஒலிகளை மட்டும் அதிகம் தின்றுவிடும், பாட்டு போர்வைக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். இசைக்கென்று செய்யப்பட்டவை எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பையில் எப்போதும் இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று மறந்து வந்தவருக்கு. மணிக்கொரு தடவை வெளியே வந்து பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

பகலில் வேறு வேலை பார்க்கிறீர்களா? வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

பல வருடம் பார்த்தேன், கணக்கு எழுதும் வேலை. 'மூவ் யுவர் பாடி' என்ற ஹவுஸ் பாட்டை 1986-ல் கொடுத்த மார்ஷல் ஜெஃபர்சன் அப்போது தபால் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு பியானோ சரளமாக வாசிக்க வராது, மெதுவாக வாசித்துப் பதிந்து வேகத்தைக் கூட்டினார். அந்தப் பியானோதான் இன்றும் ஃப்ளோரை உலுக்குகிறது. வேலையையும் இதையும் சேர்த்து இழுப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

வீட்டில் அம்மா ஒரே ஒரு தடவை கிளப்புக்கு வந்தார். பூத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும், "நீ ஏன்டா அந்த நடுப் பாட்டை அவ்வளவு சீக்கிரம் எடுத்துட்ட?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி.

தொடங்க விரும்புகிறேன். முதலில் என்ன வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். மூன்று மாதம் கேளுங்கள், ஆடப் போங்கள். ஒரு பாட்டை எடுத்து பார்களை எண்ணுங்கள். நாலு அடி ஒரு பார். பெரும்பாலும் எட்டு அல்லது பதினாறு பாருக்கு ஒரு தடவை ஏதாவது சேரும், ஏதாவது விலகும். 120 பிபிஎம்மில் பதினாறு பார் என்பது 32 விநாடி. இது உடம்பில் ஏறிவிட்டால், ஒரு பாட்டு எங்கே கதவைத் திறக்கும் என்று முன்கூட்டியே தெரியும்.

அப்புறம் கணினியில் உள்ள பாட்டுகளைக் கலக்க, சின்னதாக ஒரு கண்ட்ரோலரும், மூடிய காதுள்ள நல்ல ஹெட்போனும் போதும். ரெக்கார்டில் பழக ஆசை என்றால், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தான் காலம் காலமாக நின்றது. 1972-ல் வந்தது, 1979-ல் வந்த எம்கே2 வடிவத்தில்தான் 8 சதவீதம் கூட்டவும் குறைக்கவும் முடிகிற அந்த நீளமான சறுக்கி சேர்ந்தது. பெல்ட் இல்லாமல் மோட்டார் நேராகத் தட்டைச் சுழற்றுவதால் நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் உடனே வேகம் பிடிக்கும். 2010-ல் உற்பத்தி நின்றது, 2016-ல் திரும்பியது. இரண்டாம் கையாக வாங்கினாலும் பல வருடம் உழைக்கும். பாட்டைக் காசு கொடுத்து வாங்குங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யோசித்துச் செலவழித்தால் ஒவ்வொன்றையும் ஊன்றிக் கேட்பீர்கள்.

இந்த வயதிலும் விடியவிடிய எப்படி?

மாலையில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வருகிறேன். ஃபிராங்கி நக்கிள்ஸ் 2014-ல் 59 வயதில் இறக்கும்வரை பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். சிகாகோவில் பழைய வேர்ஹவுஸ் இருந்த தெருப் பகுதிக்கு 2004-லேயே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 2023-ல் அந்தக் கட்டடத்தை நகரின் வரலாற்றுச் சின்னமாகவும் அறிவித்தார்கள்.

இரவின் கடைசிப் பாட்டாக எதைப் போடுவீர்கள்?

ஒவ்வொரு தடவையும் வேறு. ஆனால் முறை ஒன்றுதான். இரவு முழுக்க ஒரு பாட்டைக்கூட அதன் முடிவுவரை ஓடவிட்டிருக்க மாட்டேன், எல்லாம் அடுத்ததற்குள் கரைந்திருக்கும். கடைசிப் பாட்டை மட்டும் ரெக்கார்டில்தான் போடுவேன், கலக்க எதுவும் எடுத்து வைக்காமல். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பூத்தை விட்டு இறங்கி ஃப்ளோருக்கு வந்துவிடுவேன். குரல் முடியும், பேஸ் முடியும், கிக் மட்டும் கொஞ்ச நேரம் போகும், அதுவும் முடியும். ஊசி உள்வட்டத்துக்குப் போய்ச் சுற்றத் தொடங்கும். 33⅓ சுற்று ரெக்கார்டு என்றால் 1.8 விநாடிக்கு ஒரு தடவை 'டக்' என்று தட்டும். பெரிய ஸ்பீக்கரில் அது நன்றாகவே கேட்கும். விளக்கு போட்டிருப்பார்கள். கூட்டத்தில் ஒருவராவது அந்த டக்குக்கு இன்னும் காலை மாற்றிக்கொண்டு நிற்பார். அவர் நிறுத்தும்வரை நான் ஊசியை எடுக்கப் போவதில்லை.